சுழலும் தட்டும் சூளை ஓரத்து இடமும்

நிபுணர் ஐயா, நீங்கள் அந்த விண்ணப்பத்தைப் படிக்கவில்லை. படிக்காமலேயே மேடையேறி ஒரு மனிதரை மோசடிக்காரர் என்றீர்கள்.

வாசகர்களுக்கு விஷயம் தெரியாது. சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் அறிவியல் விழா. சிறப்பு விருந்தினர், ஆராய்ச்சிகளுக்கு நிதி கொடுக்கும் குழு ஒன்றின் நிபுணர். மைக்கைப் பிடித்தவர் சொன்னார் – "இந்த ஊரில் ஒருவர் பீங்கான் தட்டைச் சுற்றவிட்டுப் புவியீர்ப்பையே குறைக்கிறாராம். அதற்கு எங்களிடம் பணம் வேறு கேட்கிறார். இது ஆராய்ச்சி இல்லை, மோசடி!"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த 'ஒருவர்' என் அக்காவின் கணவர். அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான்.

மாமா செய்வது இதுதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில் நகைக்கடையில் கழித்துப் போட்ட தராசு. அதன் மேல் மிக்ஸி மோட்டார். மோட்டார் மேல் பீங்கான் தட்டு. வேகமாகச் சுற்றவிட்டு, நிறுத்தி எடை பார்த்தால் முன்பைவிடத் துளி குறைகிறது. புதுத் தட்டில்தான் குறையும். அதையே மறுபடி சுற்றினால் குறையாது. "சுத்தச் சுத்த தட்டோட சக்தி தீர்ந்துபோவுது" என்பது அவர் கட்சி. ஆகவே ஒவ்வொரு தடவையும் புதுத் தட்டு வேண்டும்.

நான் நம்பினேனா? சத்தியமாக இல்லை. "மாமா, இது வெட்டி வேலை" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அக்கா என்னைவிட மோசம். "தட்டு பறக்குதோ இல்லியோ, வூட்ல கரண்ட் பில்லு நல்லா பறக்குது" என்பாள்.

ஆனால் மோசடி?

அந்த விண்ணப்பத்தை டைப் அடித்தவன் நான். முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார் – 'எடை குறைவது போலத் தெரிகிறது. என் கருவியின் கோளாறாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க நல்ல தராசும், காற்றை வெளியேற்றிய பெட்டியும் தேவை.' தான் சொல்வது தப்பா என்று பார்ப்பதற்கு உதவி கேட்கிறார். எந்த ஊர் மோசடிக்காரன் இப்படிக் கேட்பான்?

சந்தேகப்படுவது உங்கள் வேலை, ஐயா. தாராளமாகச் சந்தேகப்படுங்கள். நிதி இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் நாற்காலியில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இத்தனை காலம் மாமாவுக்கு யார் நிதி கொடுத்தார்கள் தெரியுமா? பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிறவர்கள். பணமாக அல்ல... சூளைக்குள் தள்ளும் வண்டியில், ஓரமாகக் கொஞ்சம் இடம். லேசாக நினைக்காதீர்கள். மாமாவின் தட்டு உட்காரும் இடத்தில் வரிசையாகப் பிள்ளையார் பொம்மைகளை அடுக்கலாம். அது அவர்கள் பிழைப்பு.

விழாவுக்குப் பிறகு மாமா பேட்டைப் பக்கம் தலைகாட்டவில்லை. அரங்கம் சிரித்ததுகூடப் பெரிதில்லை. இடம் விட்டவர்கள், தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்களோ என்பதுதான் அவரை அரித்தது. சரியாகச் சாப்பிடவில்லை. ஷெட்டைப் பூட்டிவிட்டார்.

ஒரு நாள் வசந்தா வீட்டுக்கே வந்துவிட்டார். பொம்மைப் பட்டறை நடத்துகிறவர். மாமாவின் தட்டுகளைச் செய்து, சுட்டுக் கொடுப்பவரும் அவர்தான்.

"என்னா சார், அங்க வண்டி அடுக்கிக்கிட்டு இருக்கோம். நீங்க வூட்ல குந்திக்கிட்டு இருக்கீங்க?"

"ஊரே சிரிக்குதும்மா. உங்களையும் நான் ஏமாத்திட்டேன்னு பேசிக்கிறாங்க."

"எங்கள ஏமாத்த எங்ககிட்ட என்னா சார் இருக்குது? களிமண்ணுதான் இருக்குது!"

அன்றுதான் மாமா சிரித்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார் – "இந்த வாட்டி ரெண்டு தட்டு வேணும். ஒண்ணு எப்பவும் போல. இன்னொண்ணுக்கு கிளேஸ் பூசி, ரெண்டாவது சூடும் போட்டுக் குடுங்க." பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி மினுமினுக்கிறதே, அதுதான் கிளேஸ்.

"பறக்கிற தட்டுக்குப் பூவும் வரைஞ்சிடட்டுமா சார்?"

"வரையுங்க. எடம் விட்ட எல்லாரையும் கூட்டியாங்க. உங்க கண்ணு முன்னாலயே சுத்திக் காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை. ஷெட் கொள்ளாத கூட்டம். வழக்கமான தட்டு சுற்றியது. எடை குறைந்தது. ஒரே விசில்! அடுத்து கிளேஸ் தட்டு, பூவோடு. சுற்றியது. குறையவில்லை. மறுபடி சுற்றினார். ஊஹும்.

மாமா வழக்கமான தட்டை எடுத்துத் தடவிப் பார்த்தார். "வசந்தாம்மா, இத எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்ன என்னா பண்ணுவீங்க?"

"என்னா பண்ணுவோம்? ஈரப் பஞ்சால நல்லாத் தொடைப்போம். கிளேஸ் போடறதுக்கு முன்ன எல்லாப் பொம்மையையும் தொடைப்போம், அந்தப் பழக்கந்தான். உங்களுக்குப் போயி தூசியோட குடுக்கலாமா சார்?"

அவ்வளவுதான்! கிளேஸ் பூசாமல் ஒரே ஒரு தடவை சுட்ட தட்டு தண்ணீரைக் குடித்துவிடும்; கிளேஸ் பூசியது குடிக்காது. பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம். சுற்றுகிற காற்றிலும் மோட்டார் சூட்டிலும் அந்த ஈரம் போயிருக்கிறது. இத்தனை காலமும் புவியீர்ப்பைக் குறைத்தது வசந்தாவின் மரியாதை.

மாமா எழுந்து நின்றார். "நான் நெனச்சது தப்பு. ஈரந்தான் காஞ்சிருக்குது. உங்க எடத்தையெல்லாம் வீணாக்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

"ஐயையோ, எங்களாலதான் கெட்டுதா சார்?" என்று வசந்தா பதறினார்.

"இல்லம்மா. உங்களாலதான் தெரிஞ்சுது."

பின்னாலிருந்து சூளைக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார் – "அதெல்லாம் சரி. அடுத்த வண்டில எடம் வேணுமா, வேணாமா? சொன்னா நாங்க பொம்மைய அடுக்குவோம்ல."

மாமா தயங்கினார். "ஒரே ஒரு தட்டு... தொடைக்காம."

ஷெட்டே சிரித்தது. கல்லூரி அரங்கில் கேட்ட சிரிப்பு வேறு, இது வேறு.

எனக்குக் கோபப்படத்தான் தெரியும். நன்றி சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் வசந்தாவுக்கும் அந்தப் பேட்டைக்காரர்களுக்கும் இந்த வாரம் கைகூப்புகிறேன். தட்டு பறக்கும் என்று அவர்களில் ஒருவர்கூட நம்பியதில்லை. அப்படியும் இடம் விட்டார்கள். ஒரு மனிதர் தப்பாகப் போய்ப் பார்ப்பதற்கும் இடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே... அது எத்தனை பெரிய மனசு!

நிபுணர் ஐயா, தட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. மாமா தப்பு. அதை அவர் ஊர் முன்னால் நின்று ஒப்புக்கொண்டுவிட்டார். மோசடி என்றீர்களே, அதில் நீங்கள் தப்பு. எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம். அதே கல்லூரி, அதே மைக் – எப்போது வந்து சொல்லப்போகிறீர்கள்?