வீட்டுப் பக்கம் திரும்பிய பனிமான்

குளிர்கால விடுமுறைக்கு வருகிறவர்களைப் பனிமான் பூட்டிய சறுக்குவண்டியில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் காட்டுவதுதான் இங்கேரியின் பிழைப்பு. அவள் புருஷன் தாவிக்கோ வெளியூர்க்காரர்கள் என்றாலே ஆகாது. ஆள் வரும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்.

அன்று ஓர் இத்தாலியக் குடும்பத்தோடு போகையில், பனிமானுக்கு என்ன தோன்றியதோ, பாதையை விட்டு விலகி நேரே அவள் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. சவுனா என்னும் நீராவி அறையில் வெந்து குளித்த தாவி, இடுப்பில் ஒரு துண்டோடு அங்கே ஆவி பறக்க ஆறிக்கொண்டிருந்தார்.

"இவங்களை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்த?"

"நானா கூட்டிட்டு வந்தேன்? அது கூட்டிட்டு வந்திருக்கு. மொதல்ல உள்ள போய் எதையாவது மாட்டுங்க."

இதுவும் சுற்றுலாவில் சேர்ந்ததுதான் என்று நினைத்து, வந்தவர்கள் கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் தாவி காப்பி போட்டார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே வெகுநேரம் சிரித்துப் பேசினார்கள்.

மறுநாள் தாவி கோட்டு மாட்டி, தலை வாரி, காப்பியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பனிமானோ ஒழுங்காகப் பாதையிலேயே போனது. தூரத்திலிருந்து ஜன்னலில் அந்த முகத்தைப் பார்த்த இங்கேரி, வாரை இழுத்து வண்டியைத் தானே திருப்பினாள்.

"இன்னைக்கும் அதுவாவே வந்துடுச்சா?" என்றார் தாவி, கதவை அகலத் திறந்தபடி.

"ஆமா, சொன்னா எங்க கேக்குது?" என்றாள் இங்கேரி.