பல் தடம் பதிந்த விசில்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் தி.நகரில் நடந்த மாணவிகள் கூடைப்பந்துப் போட்டியில் ஆரம்பித்தது இது. நான் வங்கியில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் அபிராமபுரம் பக்கம் ஒரு மைதானத்தில் பன்னிரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அதையும் முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில். அம்மா வீணை சொல்லித் தருபவர். அவர் வாசிக்க உட்கார்ந்தால் வீட்டில் குக்கர்கூட விசிலடிக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தை நான் அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். ஃப்ரீ த்ரோ என்பது எதிரணி இடித்துத் தடுத்தால் கிடைப்பது; யாரும் குறுக்கே வராமல், கோட்டில் தனியாக நின்று கூடையில் போடும் பந்து, ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஒருத்தி கோட்டில் நின்றதும் நான் "உஷ்!" என்பேன். மற்ற பெண்கள் மூச்சு விடக்கூட யோசிப்பார்கள். அந்த அமைதியில் எங்கள் அணியில் ஒரு பெண் பத்துக்கு ஒன்பது போடுவாள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பெண்ணின் குடும்பம் முன்பு ஆற்றோரம் இருந்தது. அரசாங்கம் அங்கிருந்த வீடுகளை இடித்த பிறகு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் குடியிருப்பு கொடுத்தார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அம்மா என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தார்:

"இந்த வருசம் ஹாஸ்டல்ல சீட்டு கெட்ச்சா பாப்போம்மா. இல்லாங்காட்டி பந்தும் வாணாம், ஒண்ணும் வாணாம். அது ஊடு வந்து சேர்ற வரைக்கும் வயித்துல நெருப்ப கட்டிகினு கீறேன்."

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த வருடம் இரண்டு போட்டிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தி.நகரில் நடந்தது முதல் போட்டி.

கடைசி நொடிகளில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். எதிரணிக் கூட்டம் டிரம் அடித்துக் கத்தியது. அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். போடவே இல்லை. ஐந்து நொடிக்குள் போட வேண்டும் என்பது விதி. நடுவர் விசிலடித்து அந்த வாய்ப்பை ரத்து செய்தார். பதறிப்போய் இரண்டாவதை எங்கேயோ போட்டாள். தோற்றோம்.

எல்லார் முன்னாலும் அவளைத் திட்டித் தீர்த்தேன். "கல்லு மாதிரி நிக்கறியே, உனக்கு என்னடி ஆச்சு?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நீங்க 'உஷ்'னு சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன்கா. எங்க ஊட்ல டிவி, சண்டை எல்லாத்துலயும்தான் படிக்கிறேன், தூங்குறேன். சத்தம்லாம் எனக்கு மேட்டரே இல்ல. நீங்கதான் சத்தம் இருந்தா போடக்கூடாதுன்னு பழக்குனீங்க."

சத்தத்திலேயே வளர்ந்த பெண்ணைச் சத்தத்துக்குத் தடுமாற வைத்தது நான்! அடுத்த போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சமையலறையில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா பிடித்துவிட்டார். "ஏண்டி, ஆத்துல இருக்கற தட்டெல்லாம் எடுத்துண்டு எங்க கெளம்பிட்ட?"

"ஃப்ரீ த்ரோவுக்கும்மா" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு பேரும் மைதானத்தை நான்கு முறை சுற்றி ஓட வேண்டும். மூச்சு வாங்கும்போதே ஒருத்தி கோட்டில் நிற்க வேண்டும். மற்றவர்கள் தட்டைத் தட்டி, "வுட்டுடுவா பாரு, வுட்டுடுவா பாரு" என்று கத்த வேண்டும். அவள் தவறவிட்டால் எல்லாரும் மறுபடி ஓட வேண்டும். முதல் வாரம் ஓடி ஓடிச் செத்தார்கள். ஆடி பிறந்ததும் பக்கத்து அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் கட்டினார்கள். முந்தைய வருடம் அதற்காகப் போய்ச் சண்டை போட்டவள் நான். இந்த முறை போய், ஒன்றை மைதானம் பக்கம் திருப்பிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பெண்கள் தேறிவிட்டார்கள், நான்தான் தேறவில்லை. யாராவது கோட்டில் நின்றால் போதும், என் நாக்கு தானாக "உஷ்" என்று கிளம்பும். அதை அடக்க விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

இரண்டாவது போட்டி அடையாறில். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதே நிலைமை. ஒரு புள்ளி பின்னால், மூன்று நொடி பாக்கி, அதே பெண் கோட்டில். டிரம் காதைப் பிளந்தது. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. விசிலை இறுகக் கடித்துக்கொண்டு, சிலை மாதிரி நின்றேன். அவள் திரும்பிக்கொண்டாள், பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள், போட்டாள். வளையத்தில் படாமல் உள்ளே விழுந்தது.

ஆட்டம் சமன். கொடுத்த ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தில் அவள் வேண்டுமென்றே கூடையை நோக்கிப் பாய்ந்து, இடி வாங்கி, மறுபடி மறுபடி அந்தக் கோட்டுக்கே போனாள். ஆறு ஃப்ரீ த்ரோ, ஐந்து உள்ளே. ஜெயித்தோம். அந்த மாதமே விடுதியில் இடம் கிடைத்துவிட்டது.

ஜெயித்த அன்று அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் சிரித்தாள். "மொத பால் போனதும் உங்களப் பாத்தேன்கா. விசிலைக் கடிச்சுகினு கீறீங்க. சரி, அக்கா இன்னிக்கு ஒண்ணியும் சொல்லாது, நம்மளே போட்டுக்கலாம்னு போட்டுட்டேன்."

அந்த விசிலில் என் பல் தடம் அப்படியே இருக்கிறது. வேறு வாங்கவில்லை. ஏதாவது ஒரு குழந்தை கோட்டில் நின்று என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குழந்தைக்காக ஊரையே அடக்கிவிட நாக்கு இன்றும் துடிக்கிறது; அந்தத் தடத்திலேயே பல்லை வைத்து, என்னை அடக்கிக்கொள்கிறேன்.