ஐஸ் கம்பெனி ரோஜா

போன வாரம் என் மகள் ஒரு ரோஜாத் தொட்டியோடு வந்து நின்றாள். பைபாஸ் ரோட்டு நர்சரியில் வாங்கினாளாம். இளஞ்சிவப்புப் பூ, புதர் மாதிரி அடர்கிற ரகம். தொட்டியில் ஓர் அட்டை தொங்கியது. ‘குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் தானாக வளரும். பராமரிப்பு தேவையில்லை’ என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, “தானாவா? எவன் சொன்னான் தானா வளரும்னு?” என்று கத்திவிட்டேன். மகள் தொட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எழுபது வயதைத் தாண்டிய மனுஷன் ஓர் அட்டையோடு சண்டைக்கு நிற்பான் என்று அவள் கண்டாளா?

அவள் போன பிறகும் பூவின் வாசம் வீட்டுக்குள் நின்றது. உங்களுக்கெல்லாம் ரோஜா வாசம் என்றால் கல்யாண வீடு ஞாபகத்துக்கு வரும். எனக்கு அமோனியாவும் இறால் கவிச்சியும் கூடவே வரும். டாக்டரிடம் சொன்னால் மூக்கைத்தான் சோதிப்பார்.

எழுபதுகளில், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த ஓர் ஐஸ் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பேனா. ஒன்று எழுதாது, இருந்தாலும் ஒரு கௌரவத்துக்காக இருக்கட்டும் என்று சொருகியிருப்பேன். இறால் கப்பலேறத் தொடங்கியிருந்த காலம். காம்பவுண்டுக்குள் ஒரு பக்கம் அமோனியா நெடியில் ஐஸ் உறையும், மறுபக்கக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். அவர்கள் விரல்களைப் பார்த்தால் நமக்குச் சோறு இறங்காது. அப்படி வெந்து வெளுத்திருக்கும்.

ஊரோ உப்பு ஊர். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, காற்றில்கூட உப்பு. வேப்பமரமே யோசித்துத்தான் துளிர்விடும். ரோஜாப்பூ வேண்டுமென்றால் மதுரை பஸ்ஸில் வந்து இறங்க வேண்டும். ஆனால் ஐஸ் அறையின் பின்சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. சுவர் எந்நேரமும் வேர்த்துக்கொண்டிருக்கும். அடுக்கி வைத்த ஐஸ் பாளங்கள் உருகி, நல்ல தண்ணீர் ஓர் ஓட்டை வழியாகச் சொட்டும். காலையில் மட்டும் வெயில் வரும், அப்புறம் நிழல்தான். ஊர் கொதித்துக் கிடக்கையில் அந்த மூன்றடிச் சந்து மட்டும் கொடைக்கானல். பீடி குடிக்க நாங்கள் ஒதுங்குவது அங்கேதான். அங்கேதான் இடுப்புயரத்துக்கு ஒரு பன்னீர் ரோஜா நின்றது.

அதை வைத்தது செசிலி அக்கா. பெரியதாழைக்காரி, இறால் உரிக்கிறவள். நாசரேத்தில் ஒரு டீச்சர் வீட்டிலிருந்து கம்பு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஏரலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை ஆற்று வண்டல் கொண்டுவருவாள். உரித்துப் போட்ட இறால் தோட்டை உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, காயவைத்து, நொறுக்கி வேரில் புதைப்பாள். சொட்டுகிற தண்ணீரை அப்படியே செடிக்கு விடமாட்டாள். ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய பானையை வைத்துப் பிடித்து, மறுநாள்தான் ஊற்றுவாள். ஒருநாள் பீடியும் கையுமாக நான் கேட்டேன்.

“ஏன்க்கா, அப்படியே உட்டா என்ன?”

“குளிரு மாறின பொறவுதான் ஊத்தணும் தம்பி. பச்சப்புள்ளைக்கு ஐஸ் தண்ணி குடுப்பமா?”

கேட்டுக்கொண்டேன். கேட்டேன் என்பதை நீங்களும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரே மகள். எட்டு வயது. அந்த வருஷம் பிள்ளைக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி. எங்கள் ஊரில் அந்த முடிக்கு நிஜப் பூ வைத்துப் பார்த்த ஏழை வீடு கிடையாது, எல்லாம் காகிதப் பூ. செசிலி அக்கா தன் பிள்ளைக்கு நிஜ ரோஜா வைப்பதாக மாதாவிடம் சொல்லியிருந்தாள். அதற்காகவே பார்த்துக் கவாத்து செய்து, நாளைக் கணக்குப்போட்டு மொட்டு விட வைத்திருந்தாள். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் தினம் ஒரு நடை வந்து மொட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் மேனேஜர் வீட்டம்மா ஒருநாள் காரில் வந்திறங்கினார். வெயிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அவரை மகிழ்விக்க வேண்டிய அவசரம் யாருக்கு வந்தது? எனக்குத்தான். “பின்னால ரோஜா இருக்கு மேடம், வந்து பாருங்க” என்று பல்லை இளித்துக்கொண்டு கூட்டிப்போனேன். என் செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, இதை எழுதும்போது.

மறுநாள், செடியைத் தோண்டித் தன் பங்களாவுக்குக் கொண்டுபோகச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டார். செசிலி அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குள் வந்தாள். உரிக்கிற பெண்கள் ஆபீஸ் வாசல்படி ஏறி அதுவரை நான் பார்த்ததில்லை.

“சார், மொட்டு நிக்குது. இன்னும் ரெண்டு வாரந்தான். எம்புள்ளைக்குப் புதுநன்மை. அது முடிஞ்சு நீங்க எடுத்துக்கிடுங்க, நானே வேரு நோவாமத் தோண்டித் தாரேன்.”

மேனேஜர் வெளியூர்க்காரர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காம்பவுண்டுக்குள்ள மொளச்சது எல்லாம் கம்பெனிச் சொத்து. தானா வளர்ற செடிக்கு நீ என்னம்மா பட்டா கேக்குற?”

“தானா வளரல சார், நான் வச்சது.” என் மேசைப் பக்கம் திரும்பினாள். “தம்பி, நீங்க சொல்லுங்க. நான் பாடுபடுதத தெனம் பாக்கியள்லா?”

மேனேஜரும் என்னைப் பார்த்தார். நான் எழுதாத பேனாவை எடுத்துத் திறந்தேன். “எனக்குச் சரியாத் தெரியலக்கா” என்றேன்.

அவள் படியிறங்கிக் கொட்டகைக்குப் போய் மறுபடியும் இறால் உரிக்க உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

பங்களா கடலைப் பார்த்த வீடு. நடுத்தோட்டத்தில், உச்சி வெயிலில், உப்புக் காற்றுக்கு நேராகச் செடியை நட்டார்கள். மூன்றாம் நாளே தலை தொங்கிவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “அங்க மட்டும் எப்படிய்யா நல்லா இருந்துச்சு?” என்றார். நான், மெத்தப் படித்தவன், சட்டென்று சொன்னேன்: “குளிர்ச்சி சார். ஐஸ் ரூம் குளிர்ச்சி.” அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் இல்லையா, எந்த வியாதிக்கும் எங்களிடம் ஒரே மருந்துதான். தினம் ஒரு பாளம் ஐஸ் பங்களாவுக்குப் போனது. இறாலுக்குப் போடுவதுபோல உடைத்து, செடியின் வேரைச் சுற்றிக் குவித்தார்கள். சீட்டு எழுதி அனுப்பியது நான். பானையும், பச்சப்புள்ளையும், குளிர் மாறின பிறகு என்று அவள் சொன்னதும் அப்போது எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ஒரு வாரத்தில் தண்டு கறுத்துவிட்டது. விரியாத மொட்டெல்லாம் அழுகி உதிர்ந்தன. மேனேஜர் வீட்டம்மா, “அந்தப் பொம்பளதான் வயித்தெரிச்சல்ல வேருல உப்பக் கொட்டி அனுப்பியிருக்கா” என்றார். அவ்வளவுதான், செசிலி அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ் சீட்டின் நகல்களெல்லாம் என் மேசையில்தான் இருந்தன. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறை ஊமையானவன் நான். மேனேஜர்மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, ஆனால் அவருக்காவது செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

செத்த செடியை பங்களாக் குப்பையிலிருந்து எடுத்துவந்து சந்தில் சாத்தி வைத்தேன். பரிகாரமாம்! கொட்டகையில் விட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்த செசிலி அக்கா அதைப் பார்த்துவிட்டாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். மேலே, கீழே, அடித்தண்டில். எங்கேயும் பச்சை இல்லை.

“ஐஸ் வைக்கச் சொன்னது யாரு?”

“நான்தான்க்கா.”

அவள் கத்தவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். “ஐஸ் கம்பெனிலதான வேல பாக்கிய தம்பி? உசுரோட இருக்கதுக்கு ஆராவது ஐஸ் வைப்பாவளா? செத்ததுக்குல்லா வைப்பாவ.”

தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு கேரளாப் பக்கம் இறால் உரிக்கப் போனதாகச் சொன்னார்கள். நான் விசாரித்துப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அந்தக் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. போன மாசம்கூட அந்தப் பக்கம் போனேன். கொட்டகை இல்லை, ஐஸ் அறை இல்லை, வேர்க்கிற சுவர் இல்லை. முழுக்க சிமென்ட் போட்டு கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். கொளுத்துகிற வெயிலில் உள்ளங்கையகலம் ஈர மண்ணைத் தேடினேன், கிடைக்கவில்லை. இப்போது அங்கே யாரும் எந்தச் செடிக்கும் பட்டா கேட்க வேண்டியதில்லை.

புதுநன்மைப் பூசை குறித்த நாளில் நடந்ததாம். கொட்டகைப் பெண்கள் போயிருந்தார்கள், வந்து சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது வயது நெருங்கியிருக்கும். புதுநன்மைக்கு எடுத்த போட்டோவை அவள் வீட்டில் எங்கேயாவது மாட்டியிருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோ, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவள் தலையில் இருப்பது காகிதப் பூ. அதை அங்கே வைத்தது நான்.