எதிர்வீட்டில் சேர்ந்த எங்கள் வீடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு ஜன்னலை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ தெருவுக்குள் வந்தது. எங்கள் வாசலில்தான் நின்றது. ஆனால் ஜன்னலை எதிர்வீட்டில் இறக்கினார்கள்.

அதன் அடிச்சட்டத்தில் என் பால்பல் தடம் இருப்பதாக அம்மா சொல்வாள். அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மூன்றாவது கம்பி வளைந்ததற்கு நானே சாட்சி. எதிர்வீட்டு ஊஞ்சலில் யார் ஆடுகிறார்கள் என்று பார்க்கத் தலையை நுழைத்து மாட்டிக்கொண்டவன் நான்தான். எங்கள் வீட்டில் ஊஞ்சல் கிடையாது.

ஜன்னலைக் கொண்டுவந்தவர் சர்ச் தெரு ரோஸியக்கா. பனியன் கம்பெனியில் வெகுகாலம் டெய்லராக இருந்தவர். எங்கள் வீட்டைப் பிரித்தபோது வாங்கிப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாராம்.

"உங்க ஊட்டு ஜன்னலேதாங் கண்ணு. நாங்க இப்ப டெரஸ் போட்டு அலுமினியத்துக்கு மாத்திட்டோம். சும்மா கெடந்துச்சு, இங்க குடுத்தா புள்ளைக படிக்கற எடத்துல இருக்குமேன்னு எடுத்தாந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கக்கா."

"கேட்டு? மாட்டறதுக்குச் செவுரு வேணுமில்லீங்களா?"

குனிந்து ஜன்னலை மோந்து பார்த்தேன். தையல் மிஷின் எண்ணெய் வாசம். அப்பா எங்கள் வீட்டை இடித்துக் கட்டிய பனியன் கம்பெனியும் அப்படித்தான் மணக்கும்.

இடித்தது எனக்கு அப்போது பெரிய திருவிழா. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: கீழே கம்பெனி, மேலே நாங்கள், அதற்கும் மேலே மொட்டைமாடி. ஓடு, உத்தரம், கதவு என்று ஊரே வந்து ஆளுக்கொன்று வாங்கிப் போனது. எதிர்வீட்டுப் பழனிச்சாமி மட்டும் ஊஞ்சலில் உட்கார்ந்து அழுதான். "எங்கப்பன் ஒரு சோம்பேறி. நாங்க சாகற வரைக்கும் ஓட்டு ஊட்டுலயே கெடக்கோணும்." அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

பழனிச்சாமி எனக்குப் பங்காளி. என் தாத்தாவும் அவன் தாத்தாவும் அண்ணன் தம்பி. என் தாத்தாதான் மூத்தவர். ஆனால் இவன் எனக்கு ஓர் அமாவாசை முன்னால் பிறந்துவிட்டதால், இன்றுவரை நான்தான் அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. எழுத்திலாவது 'அவன்' என்று போட்டுக்கொள்கிறேன்.

அவன் அப்பா உண்மையிலேயே சோம்பேறிதான். கடன் வாங்கப் பயம், கொத்தனாரிடம் பேசக் கூச்சம். அதனால் வீடு தப்பித்தது. இப்போது தெருக்காரர்கள் அவரைப் பாரம்பரியத்தைக் காத்த மனிதர் என்கிறார்கள். வருஷம் மாதத்தோடு ஊர்க்கதைகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் குறித்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டைச் சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும் இடமாக்கப் பழனிச்சாமி கொடுத்துவிட்டான். அவ்வளவுதான், தெருவே அங்கே திரண்டுவிட்டது. கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் பீகார் பையன்கள் லீவு நாளில் வந்து ஓடு மாற்றுகிறார்கள். கம்பெனிக்காரர்கள் கதவு துடைக்க மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் அனுப்புகிறார்கள். சேவூர்ப் பக்கம் தோட்டத்தில் கிடந்த எங்கள் வீட்டு உத்தரம்கூட வந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு இத்தனை பேர் வியர்வை சிந்துவதைப் பார்த்துக்கொண்டு எதிரே குடியிருப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பங்காளிக் காய்ச்சலுக்கு மாத்திரை இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே ஆசாரி கட்டிய, ஒரே அளவு வீடுகள். ஆனால் முதலில் கட்டியது எங்களுடையதைத்தான். எங்கள் முற்றத்தில் வாட்டம் தவறி, மழைத் தண்ணீர் சமையலறைப் பக்கம் ஓடும். அவர்கள் முற்றத்தில் ஒழுங்காகத் தெருவுக்கு ஓடும். எங்கள் வீட்டில் செய்த தப்பை ஆசாரி அங்கே திருத்தியிருக்கிறார். அசல் போய்விட்டது, நகல் நிற்கிறது. இதைக் கேட்டவர்கள் எல்லோரும், "அப்ப அது நல்ல ஊடுதானுங்களே" என்கிறார்கள்.

அவர்கள் முற்றத்துத் தூண்களில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மிச்சமிருந்ததும் இரண்டு தூண்கள்தான். பின்பக்கம் என் ஸ்கூட்டருக்குத் தகரக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தன. தெருவுக்கே அது தெரியும். யாரும் கேட்கவில்லை. போகும்போதும் வரும்போதும் என் ஸ்கூட்டரை மட்டும் விசாரித்தார்கள்.

கடைசியில் பழனிச்சாமியே வந்தான். தூணில் சாய்ந்துகொண்டு மழை, நூல் விலை எல்லாம் பேசினான்.

"அண்ணா, வந்த சோலியச் சொல்லுங்க."

"கேக்கோணுமாக்கு? நீ ரோசனை பண்ணு தம்பி. இல்லீன்னா ரெண்டு இரும்புக் குழாய நிறுத்தி மர கலர்ல பெயிண்ட் அடிச்சுக்கறோம். ஆருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமுங்க."

"உன்னையத் தவிர ஆருக்குத் தெரியும்னு கேட்டேன்" என்று சிரித்தான்.

அவன் போன பிறகு ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் அங்கே. உத்தரம் அங்கே. பூஜை அறைக் கதவும் வரப்போகிறதாம். எங்கள் வீடு என்னிடம் இருப்பதைவிட அவனிடம்தான் அதிகம் இருந்தது. அதுவும் பொறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் சேராமல் இந்த இரண்டு தூண்கள் மட்டும் தகரத்தைச் சுமப்பதும் பொறுக்கவில்லை. ஸ்கூட்டரை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீகார் பையன்கள் "தீரே, தீரே" என்று மெதுவாகத் தூண்களைத் தூக்கிப் போனார்கள். பீடக்கல்லில் வைத்ததும், ஓர் இடத்தில்கூடச் செதுக்க வேண்டியிராமல் உட்கார்ந்துகொண்டன. பழனிச்சாமி பார்க்க வருகிறவர்களிடம், "இது எங்க பெரியப்பன் ஊட்டுத் தூணுங்க" என்று மறக்காமல் சொல்கிறான். அந்த நேர்மையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சின்ன வயதில் அந்த வீட்டை நாங்கள் 'எதுத்த ஊடு' என்போம். அவர்களும் எங்கள் வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். நேற்று கொரியர் பையன் போனில் வழி கேட்டான். "பழைய ஊட்டுக்கு நேர் எதுத்தாப்புலங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. எங்களுடையதுதான் அதைவிடப் பழையது. அதைச் சொல்ல இனி ஒரு தூண்கூட என் பக்கம் இல்லை.