கள்ளிக்கு வந்த அம்மை

செங்கமலம் கரிக்கலாம்பாக்கத்துக்கு வாழ வந்தபோது சீராகக் கொண்டுவந்தது ஒரு கள்ளிக்காடு. அவள் அப்பா நல்ல மனிதர்தான். மகளுக்கு அவள் வாழப்போகிற ஊரிலேயே ஒரு புன்செய்க் கொல்லை எழுதிவைக்க ஆசைப்பட்டார், எழுதியும் வைத்தார். அந்தக் கொல்லையில் வரப்பு எது, நிலம் எது என்றே தெரியாமல் சப்பாத்திக்கள்ளி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்ததை மட்டும் கல்யாணப் பேச்சில் யாரும் எடுக்கவில்லை. மாமியார் தையலம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உங்கப்பா பொண்ணு குடுத்தாரா, முள்ளு குடுத்தாரா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் கள்ளிக்காட்டுக்காரி.

எந்த மகராசன் எந்தக் கப்பலில் ஏற்றி வந்தானோ, அது நம் மண்ணில் பிறந்த செடி இல்லை. பிறந்திருந்தால் அதைத் தின்று அடக்க ஏதாவது ஒன்று கூடவே பிறந்திருக்கும். பாகூர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது ஏறாத மேடு கிடையாது. வெட்டினால், வெட்டிய துண்டெல்லாம் வேர்விடும். செங்கமலமும் அவள் புருஷன் தணிகைவேலும் இரண்டு கோடை வெட்டினார்கள். மழை பெய்ததும் ஒன்று இருந்த இடத்தில் ஒன்பது நின்றது. அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நடும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். சொந்தக் கொல்லை இருந்தும் ஒரு பிடி கடலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதை விதைக்க வக்கில்லையே என்று வாய்விட்டே அழுதிருக்கிறாள்.

எங்கள் பக்கம் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. அவள் அண்ணன் அரங்கநாதன் கடலூர்ப் பக்கம், இங்கிலீஷ்காரன் எல்லையில் குடியிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழோ எட்டோ, தங்கையைப் பார்க்க வந்தவன் ஒரு சேதி சொன்னான்.

"எங்க பக்கம் கள்ளியெல்லாம் செத்துக்கினு வருது, கமலம். பஞ்சாட்டம் ஒரு பூச்சி. சிலோன்லேருந்து கொண்டாந்து வுட்டுருக்காங்க. பூச்சி புடிச்ச மட்டைய நல்ல மட்ட மேல வெச்சாப் போதும். வேற பயிரத் தொடாது."

"அப்ப இந்தப் பொங்கச் சீருக்கு அதையே கொண்டாந்துடுண்ணா. பொடவ வாணாம்."

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. பொங்கலுக்கு அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் வந்தன. கூடவே துணி போட்டு மூடிய ஒரு கூடையும் வந்தது. எல்லையில் சுங்கக் காவல்காரன் சாராயம் என்று நினைத்துத் துணிக்குள் கையை விட்டு, விரலை உதறிக்கொண்டே வழிவிட்டானாம். கூடையைத் திறந்த தையலம்மாள் முள்ளைக் கண்டதும் துணியைத் திரும்ப மூடிவிட்டாள்.

"இன்னாடி இது, கள்ளிக்காட்டுக்காரிக்குக் கள்ளியே சீரா?"

பூச்சியைச் சீராகக் கேட்டு வாங்கினேன் என்று எந்த மருமகள் சொல்லுவாள்? செங்கமலம் மட்டைகளை எடுத்துப்போய்க் கள்ளி மேல் அங்கங்கே செருகிவிட்டு வந்தாள்.

பங்குனியில் கள்ளியெல்லாம் வெள்ளை வெள்ளையாக முத்துப் போட்டது. சுள்ளி பொறுக்கப் போன தையலம்மாள் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கள்ளிக்கு அம்மை போட்டிருக்கிறது, மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் ஊரே கொல்லையில் கூடிவிட்டது. வேப்பிலை கட்டினார்கள். கூழ் படைத்தார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கள்ளி மேல் வாரி ஊற்றினார்கள். செங்கமலத்தின் சீர் அவள் கண்ணெதிரே தண்ணீரோடு வழிந்து மண்ணுக்குப் போனது.

அது போதாதென்று பக்கத்துக் கொல்லைக்காரி சின்னப்பிள்ளை, "நாளைக்கி வெள்ளிக்கெழம. சூலம் நட்டுடலாம்" என்றாள். சூலம் நட்டால் அது ஆத்தா இடம். அப்புறம் அங்கே ஏர் பூட்ட யாருக்குத் தைரியம் வரும்? உண்மையைச் சொல்லலாமென்றால், ஆத்தாளைப் பூச்சி என்றவளை ஊர் சும்மா விடுமா? தணிகைவேலே கைகூப்பிக்கொண்டு நிற்கிறான்.

மறுநாள் காலையில் பெண்கள் குடமும் கடப்பாறையுமாக வந்தபோது செங்கமலம் வழியை மறித்து நின்றாள்.

"ஏன் சின்னப்பிள்ளக்கா, உன் புள்ளைக்கு அம்மை போட்டப்ப, முத்து எறங்கறதுக்கு முன்ன தலைக்குத் தண்ணி ஊத்துனியா?"

"அதெப்பிடி ஊத்துவாங்க? எறங்கனப்புறந்தான ஊத்தணும்."

"அப்ப இதுக்கு மட்டும் ஊத்தறீங்களே, ஆத்தா கோச்சிக்க மாட்டாளா? அம்மை கண்ட வூட்டுல தாளிக்கறதுகூட இல்ல. நீங்க கடப்பாறையால குத்தப் போறீங்களா?"

தையலம்மாள்தான் முதலில் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அவ சொல்றது மொறதான்டி. எறங்கட்டும், அப்பறம் ஊத்தலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் கைவெக்கக் கூடாது."

இதைவிட நல்ல காவலை எந்தச் சர்க்கார் அந்தப் பூச்சிகளுக்குப் போட்டிருக்கும்? ஆடு மேய்ப்பவன்கூட ஒதுங்கிப் போனான். வெயில் ஏற ஏற முத்துப் பெருகியது. மட்டைகள் பழுத்துத் துவண்டு, ஆளுயரக் கள்ளி முட்டிபோட்டு உட்கார்ந்தது. செங்கமலம் தினமும் போய்ப் பார்ப்பாள். சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

இதற்குள் சின்னப்பிள்ளைக்கு வேறு கவலை வந்துவிட்டது. "உன் கொல்லைக்கு வந்த ஆத்தா என் கொல்லைக்கு மட்டும் வர மாட்டேங்கறாளே."

"கூப்புட்டாத்தான வருவா," என்று செங்கமலம் ஒரு முத்து மட்டையைத் தாம்பாளத்தில் வைத்து, வேப்பிலை செருகிக் கொடுத்தாள். சின்னப்பிள்ளை அதை மேளம் வைத்து எடுத்துப்போனாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அடுத்த ஊர்க்காரி. இப்படி மேளதாளத்தோடு ஆத்தா அரியாங்குப்பம் வரைக்கும் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் ஆடியில் கொல்லை வெறிச்சென்று கிடந்தது. முள்ளெல்லாம் மட்கிப் போய், செங்கமலம் அதுவரை பார்த்தேயிராத தன் மண்ணை அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தலைக்குத் தண்ணி ஊற்ற வந்த பெண்கள், ஊற்றக் கள்ளி இல்லாததால் தரையிலேயே ஊற்றிவிட்டுப் போனார்கள். விதைப்புக்கு அதுவும் நல்லதுதான்.

எல்லாரும் போய், தணிகைவேல் ஏர் ஓட்டி முடித்தபின் அவளுக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை, அது ஆத்தா இல்ல. எங்கண்ணன் சீரோட கொண்டாந்த பூச்சி."

தையலம்மாள் மடியில் மல்லாட்டை விதையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பூச்சியா வந்தா ஆத்தா இல்லன்னு யாருடி சொன்னா?"

சொல்லிவிட்டுக் குனிந்து முதல் விதையை ஊன்றினாள். வரப்போரம் போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரி ஒருத்தி நின்று, "சுத்தி இன்னும் பாதி முள்ளா கெடக்க, இது மட்டும் இவ்ளோ சுத்தமா இருக்குதே, யாரு கொல்ல?" என்று கேட்டாள்.

தையலம்மாள் நிமிர்ந்தாள். தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்க மருமவ சீராக் கொண்டாந்ததும்மா."