திரையில் இருந்த மதிய நேரத்து ஏரி

போன வருட மழைக்காலத்தில், ஊரப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அபார்ட்மென்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

குரோம்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. ரேடியோ அலையில் வரும் தகவலில் பிழை விழுந்தால் கணக்குப் போட்டுத் திருத்தும் மென்பொருள் எழுதுகிறோம். தனி சிப் எதுவும் வேண்டாம், சாதாரண லேப்டாப்பின் பிராசஸரே மின்னல் வேகத்தில் திருத்திவிடும் என்பது எங்கள் முதலாளியின் பெருமை. அதைக் காட்டத்தான் ஊர் ஏரிக்கரையில் ரேடியோவில் படம் அனுப்பும் கேமராவையும் என் அபார்ட்மென்டின் செக்யூரிட்டி அறையில் லேப்டாப்பையும் வைத்தோம்.

வெயில் காலத்தில் படம் பறந்து வந்தது. பிழை குறைவு, திருத்தும் வேலையும் குறைவு.

"சார், மழையில சிக்னல் கெட்டா ஒவ்வொரு படத்துக்கும் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடணும். அந்த வேகம் தாங்குமான்னு இப்பவே பார்த்துடலாம்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"மழை வரட்டும்யா, பார்ப்போம்" என்றார் முதலாளி.

வந்தது. மதியத்தில் பிடித்த மழை விடவே இல்லை. நான் வீடு திரும்பியபோது செக்யூரிட்டி அறையில் கூட்டம். திரையில் ஏரி கரைக்கு நன்றாகக் கீழே கிடந்தது. பேஸ்மென்ட் அறையில் குடியிருக்கும் வாட்ச்மேனின் மனைவி ஓடி வந்தார்.

"இன்னா சார், ஏரி கீழ கீதுன்றீங்க, என் வூட்டு வாசல்ல கால் நனையுது!"

"அது மழைத்தண்ணிம்மா. திரையைப் பாரு, ஏரி அப்படியே இருக்கு" என்றார் அசோசியேஷன் செயலாளர்.

பார்த்தேன். திரையில் நல்ல வெளிச்சம். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. திருத்தி மாளாமல் படங்கள் வரிசையில் தேங்கிக் கிடக்க, நாங்கள் மதியத்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலாளிக்கு போன் போட்டு, தேங்கியதைத் தூக்கி எறியப் போகிறேன் என்றேன்.

"ஒரு படம்கூட விடமாட்டோம்னு கஸ்டமர்கிட்ட சொல்லிருக்கேன்யா!"

போனை வைத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். அந்த நிமிடத்துப் படம் திரைக்கு வந்தது. பிழை முழுதாகத் திருந்தாமல் அங்கங்கே கிழிந்திருந்தாலும் தண்ணீர் கரையைத் தாண்டுவது தெரிந்தது. கீழே ஓடினோம். நாங்கள் போவதற்குள், முன்னாலேயே ஓடிவிட்ட வாட்ச்மேன் வீட்டு அக்கா, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தன் இரண்டு குழந்தைகளில் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டார். இன்னொன்றை நான் முழங்கால் தண்ணீரில் தூக்கி வந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அறை மூழ்கிப்போனது.

மறுநாள் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "படம் ஏன்யா கிழிஞ்சிருந்தது?"

இப்போதும் யாராவது வேகத்தைப் பற்றிப் பெருமையடித்தால், அதை வெயிலில் அளந்தீர்களா மழையில் அளந்தீர்களா என்றுதான் கேட்கிறேன். அந்த அக்காவின் கால் சொன்னதை எங்கள் லேப்டாப் சொல்லவில்லை.