உட்கார ஓர் இடம் கேட்ட பாட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு; அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் புழங்கியது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் வெண்கலம். இயந்திரங்கள் அத்தனையும் ஓடும்போதும் இந்த மூலையிலிருந்து அவள் கூப்பிட்டால் அந்த மூலையில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். அப்படி ஒரு குரல்.

சிறு வயதில் அந்தக் குரலால் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். பிறந்த வீட்டார் போகும் வழிபாட்டில் ஆண்கள் பாடுவார்கள், பெண்கள் கேட்பார்கள். ஒருநாள் தன்னை மறந்து கூடவே பாடிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா வாயிலேயே ஒன்று வைத்தார். வளர்ந்தபின் வேறு மதத்தில் பிறந்து எந்த மதத்திலும் ஒட்டாத ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். டைல்ஸ் ஒட்டும் தொழில் அவனுக்கு. பிறந்த வீடு தலைமுழுகிவிட்டது. புகுந்த வீடும் முகம் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் அவள் கடவுளை விடவில்லை. எங்கே போய்க் கும்பிடுவது என்பதுதான் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்று இருந்தது. அதை வாடகைக்கு எடுத்துச் சிலர் ஞாயிறு காலைகளில் கூடினார்கள். எந்த மதத்தவரும் வரலாம், மதமே வேண்டாம் என்பவரும் வரலாம். ஒருவர் மதத்து நூலை இன்னொருவர் எடுத்து வாசிப்பார், அதைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு பாடுவார்கள். பாட்டுதான் சகிக்காது. சந்தைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றவள் பல வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் உள்ளேயே போய்விட்டாள்.

“ஏங்க, இவ்வளவு உச்சத்துல எடுத்தா யாருக்குங்க எட்டும்? கொஞ்சம் இறக்குங்க.”

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கோபித்துக்கொள்ளாமல், “நீங்களே இறக்கிக் காட்டுங்களேன்” என்றார்.

காட்டினாள். அதுவரை வெறுமனே உதட்டை அசைத்துக்கொண்டிருந்த ஆண்கள் வாய் திறந்து பாடினார்கள். அன்றைக்கு அவளுடைய பஸ் அவள் இல்லாமல் போனது. அப்புறம் எந்த ஞாயிறும் அவள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை.

பாட்டுக்குழுவில் அவள் பக்கத்தில் நிற்பவர் கான்ட்ராக்டர் வீட்டம்மா. மெல்லிய குரல், ஆனால் சுதி இம்மி பிசகாது. “உங்க பக்கத்துல நின்னாத்தான் எனக்குத் தைரியமே வருது” என்பார். அவருடைய வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிச் சலவையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். இருவருக்குமே அது தெரியும். கிடங்குக்குள் அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

சலவைக்கூடத்தில் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. துணி தேய்க்கும் சூடான உருளைகளுக்குள் போர்வைகளை விரித்து விரித்துக் கொடுக்க வேண்டும். வேலை முடியும்வரை நின்ற கால் நின்றபடிதான். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பது கான்ட்ராக்டரின் கட்சி. ஒருநாள் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு வரவும், அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். “நாளையிலேர்ந்து வீட்டுலயே உக்காந்துக்கோ” என்றார்.

பெண்கள் திரண்டு போய்க் கேட்டார்கள். வெண்கலம்தான் முன்னால் நின்றாள். “ஒரு ஸ்டூல் போட்டா குடியா முழுகிப்போயிடும்?”

“இன்னிக்கு ஸ்டூல் கேப்பீங்க, நாளைக்குக் கட்டில் கேப்பீங்க. போய் வேலையப் பாருங்க.”

போய் வேலையைப் பார்த்தாள். உருளை ஒருமாதிரித் தாளக்கட்டோடு சுற்றும். அந்த வாரம் முழுக்க அதற்குள்ளிருந்து ஒரு மெட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. வார்த்தைகளும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன.

*இத்தனை பெரிய உலகை விரித்தாய்,
எனக்கோர் இருக்கை இல்லையா?*

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் எழுந்து நடந்ததைச் சொன்னாள். திங்கள் காலை ஆஸ்பத்திரி வாசலில் தன்னோடு வந்து பாட முடியுமா என்று கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “இங்க சாமிய நினைக்க வர்றோம்மா, சண்டைக்கு இல்ல” என்றார்.

“நானும் சாமிய நினைக்கத்தாங்க வர்றேன். ஆனா கால் வீங்கிப்போனவளப் பாத்துட்டு வந்து இங்க கண்ண மூடுனா, அவ முகம்தான் வருது. சாமி வரமாட்டேங்குது. நான் என்ன பண்ண?”

அவள் பாடிக் காட்டினாள். இரண்டாவது தடவை பலர் சேர்ந்துகொண்டார்கள். கான்ட்ராக்டர் வீட்டம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூட்டம் கலைந்தபின் பஸ் நிறுத்தத்தில் அவர் காத்திருந்தார். “என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

அவர் யோசித்தார். “பயந்திருப்பேன்.”

“நீங்க பயப்படுறத நான் தப்புன்னு சொல்லலங்க. ஆனா வேலை போனவளால காத்திருக்க முடியாது.”

அவர் திரும்பி நடந்துவிட்டார். வெண்கலத்துக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும் செய்தது சரிதான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

திங்கள் காலை வேலை தொடங்குமுன் வாசலில் கூடினார்கள். அவள் வீட்டுக்காரனும் வந்தான். “உலகத்த விரிச்சது யாருன்னு நீ சொல்லாத வரைக்கும் நானும் பாடுவேன்” என்றான். அவனுக்குச் சுதி சுத்தமாக வராது; கட்டைக் குரலில் கத்தித் தீர்த்தான்.

நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். சிலர் கூடவே முணுமுணுத்தார்கள். கான்ட்ராக்டர் காரைவிட்டு இறங்கி, காவலாளியிடம் எரிந்து விழுந்தார். “சத்தம் போடுறாங்க, பாத்துட்டு நிக்கிற? விரட்டு!”

காவலாளியும் நாள் பூராவும் நின்றே காவல் காப்பவன்தான். “சத்தம் போடலயே சார். பாடுறாங்க” என்றான். பிறகு வெண்கலத்தின் பக்கம் குனிந்து, “அக்கா, அப்படியே எனக்கும் சேத்துக் கேளுங்க” என்றான்.

அந்த வாரம் எல்லாக் காலையும் பாடினார்கள். மெட்டு வார்டுகளுக்குள் ஏறிவிட்டது. வருகிறவன் போகிறவனெல்லாம் வரவேற்பு மேசையில், “இங்க வேலை செய்யறவங்களுக்கு உக்கார இடமில்லையாமே, நிஜமா?” என்று கேட்கத் தொடங்கினான். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் பதில் சொல்லி மாளவில்லை. நிர்வாகம் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு விசாரித்தது. “யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையே” என்று தாழ்வாரத்தில் நின்று அவர் சாதித்தார்.

“கேட்டோமே!” என்று சலவைக்கூட வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மாடியில் நர்சுகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஸ்டூல்கள் வந்தன. கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம், ஒன்றுக்குக் கால் ஆடும், இருந்தாலும் ஸ்டூல்தான். மாற்றி மாற்றி உட்கார நேரமும் ஒதுக்கினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி திரும்பி வந்து, பேறுகால விடுப்புவரை துணி மடிக்கும் மேசையில் உட்கார்ந்தே வேலை பார்த்தாள். காவலாளிக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

கான்ட்ராக்டர் வீட்டம்மா வெகுநாள் கிடங்குப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்து, வேறு வரிசையில் தனியாக நின்று பாடினார். பக்கத்தில் யாருடைய தைரியமும் இல்லாமல் அவர் குரல் தெளிவாகவே எழும்பியது. வெண்கலத்துக்கு அதைக் கேட்கக் கேட்க ஆனந்தமாக இருந்தது.

கூட்டம் முடிந்து இருவரும் வாசலில் எதிர்ப்பட்டார்கள்.

“அவர் இன்னும் என்கூடச் சரியாப் பேசல” என்றார் அந்த அம்மா.

“நீங்க அப்படி என்ன சொன்னீங்க?”

“ஸ்டூல் போட்டதுக்கு நல்லா பண்ணீங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் பேசல.”

வெண்கலம் வாய்விட்டுச் சிரித்தாள். “வாங்க, டீ குடிச்சிக்கிட்டே மிச்சத்தச் சொல்லுங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.